விசிறி இல்லாத கார்டுக்கு விசிறுவது யார்?



தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டை மனத்தில் எண்ணிக்கொள்வோம். மூத்த மகன் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்கிறான். இளையவர்கள் இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடமெல்லாம் கம்ப்யூட்டரிலும் கைத்தொலைபேசியிலும் நடந்தது. அந்தக் காலத்தில் பட்ட சிரமத்தை மறக்காத மூத்தவன், பிற்பாடு ஒரு பழைய கணிப்பொறியைக் குறைந்த விலைக்கு வாங்கி வந்தான். அதற்குள் இருந்த கிராபிக்ஸ் கார்டுக்கு விசிறி கிடையாது. “சத்தமே போடாது, கெட்டுப்போக விசிறியும் இல்லை” என்று விற்றவர் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

சில மாதங்கள் நன்றாக ஓடியது. பிறகு பெட்டியின் பின்புறத்தில் இருந்த விசிறி கடகடவென்று ஓசையிடத் தொடங்கியது. கைக்குழந்தை தூங்கவில்லை. “கார்டுக்கே விசிறி வேண்டாம் என்றால் பெட்டிக்கு மட்டும் எதற்கு?” என்று தகப்பனார் அதன் மின்கம்பியைக் கழற்றிவிட்டார். வீடு அமைதியாயிற்று. ஆனால் சில வாரங்களில் ஒரு விநோதம் தெரிந்தது. காலையில் ஒழுங்காக வேலை செய்யும் கணிப்பொறி, பிற்பகல் இரண்டு மணிக்குத் திரையில் கோடும் புள்ளியுமாகக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். கடைசியில் ஒருநாள் படமே வரவில்லை. கார்டு போய்விட்டது என்றார் பழுது பார்ப்பவர். புதிதாக வாங்க வேண்டுமானால் பல நாள் கூலியை எடுத்து வைக்க வேண்டும்.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இந்த விபத்து பல வீடுகளில் நடப்பது. தவறு யாருடையது? விற்றவர் பொய் சொல்லவில்லை. தகப்பனார் கேட்ட கேள்வியும் நியாயமாகவே தோன்றுகிறது. இந்த வழக்கை விசாரிக்க, கார்டு வந்த ஊரான சிங்கப்பூருக்கே போய், அந்த ஊர் வெப்பத்தோடு நடத்திய இருநூறு ஆண்டுக் கதையைச் சற்றுத் திருப்பிப் பார்ப்போம்.

முதலில் வெப்பத்தின் குணம் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ரப்பர் ஷீட்டுகளைப் புகையிட்டு உலர்த்தும் புகைவீட்டை நம் பெரியவர்கள் அறிவார்கள். கீழே விறகு எரியும். சூடான புகை மேலெழும்பி, கழிகளில் தொங்கும் ஷீட்டுகளுக்கு இடையே புகுந்து, கூரையில் உள்ள திறப்பு வழியே வெளியேறும். மேல் திறப்பை அடைத்தால் உள்ளே சூடு ஏறும், திறந்தால் இறங்கும். வெப்பம் ஓரிடத்தில் மறைந்துபோவதில்லை. ஓரிடத்தை விட்டு மற்றோரிடத்துக்குப் போகிறது, அவ்வளவே. போவதற்கு வழி வேண்டும். தூக்கிச் செல்லக் காற்று வேண்டும்.

சிங்கப்பூரைக் கட்டியவர்கள் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். பூமத்திய ரேகைக்கு அருகே உள்ள அந்தத் தீவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸ். காற்றில் ஈரமும் அதிகம். 1822ஆம் ஆண்டில் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் நகர அமைப்புக்கான கட்டளைகளை எழுதியபோது, ஒவ்வொரு வீட்டின் முன்பும் கூரையிட்ட, எந்நேரமும் திறந்திருக்கும், தொடர்ச்சியான நடைபாதை இருக்க வேண்டும் என்று விதித்தார். நம்மவர்கள் ‘அஞ்சடி’ என்று அழைக்கும் பாதை அதுதான். வெயிலும் மழையும் நேரே சுவரில் அடிக்காமல் அது காத்தது.

இன்றும் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை, டன்லப் தெரு ஆகியவற்றில் நடந்தால் அத்தகைய கடைவீடுகளைக் காணலாம். 1989ஆம் ஆண்டில் அப்பகுதி பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. கீழே கடை, மேலே குடியிருப்பு. முன்பக்கம் குறுகல், உள்ளே வெகு நீளம். அப்படிப்பட்ட வீட்டின் நடுப்பகுதி இருண்டு புழுங்க வேண்டுமல்லவா? அதற்காகத்தான் நடுவே வானம் பார்த்த முற்றம் ஒன்றை விட்டுக் கட்டினார்கள். சூடான காற்று அதன் வழியே மேலே போகும். அதன் இடத்தை நிரப்ப அஞ்சடிப் பக்கமிருந்து புதுக்காற்று உள்ளே வரும். நம் ஊர் முற்றத்து வீட்டுக்கும் இதற்கும் உறவு நெருங்கியது.

பெரிய மாளிகைகளிலும் இதே அறிவுதான். இன்று சிங்கப்பூர் அதிபரின் மாளிகையாக உள்ள இஸ்தானா, 1867 முதல் 1869 வரை ஆளுநருக்காகக் கட்டப்பட்டது. உயர்ந்த கூரை, அகன்ற தாழ்வாரம், சாய்வுப் பலகைகள் வைத்த பெரிய சன்னல்கள் ஆகியவற்றால் காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் போகும். அந்த மாளிகையைக் கட்டிய கைகள் இந்தியக் கைதிகளின் கைகள். 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்கு நாடு கடத்தப்பட்ட கைதிகளைக் கொண்டு சாலைகளும் கட்டடங்களும் எழுப்பப்பட்டன. நம் மூதாதையர் வருவதற்கு முன்பே வந்த அந்தத் தொழிலாளர்களின் உழைப்பில்தான் ஆளுநருக்குக் காற்று வந்தது.

ஆனால் காற்று எப்போதும் தானாக வராது. அசைவே இல்லாத பிற்பகலில் முற்றமும் சன்னலும் மட்டும் என்ன செய்யும்? அதற்கு வெள்ளைக்காரத் துரைமார்கள் கண்ட வழி பங்கா. கூரையிலிருந்து ஒரு நீளச் சட்டத்தில் துணியைத் தொங்கவிட்டு, அதில் கட்டிய கயிற்றைச் சுவர்த் துளை வழியாக வெளியே கொண்டுபோவார்கள். தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள் அந்தக் கயிற்றை இழுத்து இழுத்து விடுவார். அறைக்குள் துணி ஆடும், காற்று வீசும். உள்ளே விருந்துண்பவருக்குச் சத்தம் கிடையாது, வியர்வை கிடையாது, இழுப்பவரின் முகமும் தெரியாது. சிங்கப்பூரில் அந்தக் கயிற்றைப் பிடித்தவர்களில் இந்தியர் பலர். அறை குளிர்ச்சியாக இருக்கிறது என்று உள்ளிருந்தவர் நினைத்தார். உண்மையில் அறைக்கு வெளியே ஒருவர் உழைத்துக்கொண்டிருந்தார். நேயர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கார்டின் வழக்கில் இது முக்கியமான சாட்சி.

பின்னர் மின்சாரம் வந்தது. 1905இல் சிங்கப்பூரில் மின்சார டிராம் வண்டிகள் ஓடின. அதற்கு மின்சாரம் தந்த நிலையம் இன்றைய லிட்டில் இந்தியாவை ஒட்டிய மெக்கன்சி சாலையில் இருந்தது. 1906இல் தெருக்களில் மின்விளக்குகள் எரிந்தன. மின்விசிறி பரவப் பரவப் பங்காக் கயிறு அவிழ்ந்தது. அதன் பின்னர் குளிர்சாதனம் வந்தது. 1959இல் பிரதமரான லீ குவான் இயூ, அரசு அலுவலகங்களில் குளிர்சாதனம் பொருத்தியதைத் தம் முதல் வேலைகளுள் ஒன்றாகப் பிற்கால நேர்காணல் ஒன்றில் குறிப்பிட்டார். வெப்ப நாட்டு மக்கள் பகல் முழுவதும் மூளையைச் செலுத்தி வேலை செய்ய அதுவே வழிவகுத்தது என்பது அவர் கருத்து.

மனிதரைக் குளிர்விக்கும் கதை இவ்வாறு நடந்துகொண்டிருக்க, யந்திரத்தைக் குளிர்விக்கும் கதையும் அதே ஊரில் தொடங்கியது.

1981ஆம் ஆண்டில் சிம் வோங் ஹூ என்ற இளைஞரும் அவருடைய பள்ளித் தோழரும் சேர்ந்து, சைனாடவுன் வட்டாரத்துப் பேர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில் ஒரு சிறிய கடையைத் திறந்தார்கள். அதுவே கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம். கணிப்பொறிக்கு ஒலி தரும் சவுண்ட் பிளாஸ்டர் கார்டை 1989இல் வெளியிட்டு, அது உலகப் பெயர் பெற்றது. ஒலியோடு நிற்காமல், 1995இல் திரைக்கு முப்பரிமாணப் படம் வரைந்து தரும் கார்டுகளையும் 3டி பிளாஸ்டர் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. ஆகவே கிராபிக்ஸ் கார்டின் வரலாற்றில் சிங்கப்பூருக்கும் ஒரு பக்கம் உண்டு. சிம் வோங் ஹூ 2023ஆம் ஆண்டு ஜனவரியில் தம் 67ஆம் வயதில் காலமானார்.

அந்தக் கார்டுகள் விற்ற இடங்களுள் பெயர் பெற்றது சிம் லிம் சதுக்கம். 1987 முதல் ரோச்சோர் கால்வாய்ச் சாலையில் நிற்கும் அந்தக் கட்டடம், தேக்காவிலிருந்து சில நிமிட நடைதான். மாடிக்கு மாடி கணிப்பொறிக் கடைகள். அதற்குச் சற்றுத் தள்ளிச் சுங்கை ரோட்டில் பழைய பொருள் சந்தை ஒன்று பல்லாண்டுகளாகத் திறந்தவெளியில் நடந்துவந்து, 2017 ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டது. புதியதாகச் சிம் லிம்மில் பிறந்த எத்தனையோ மின்சாதனங்கள் பழையனவாகி அங்கே தரையில் விரித்த துணிமேல் வந்து உட்கார்ந்தன.

இனி கார்டைக் கவனிப்போம். கிராபிக்ஸ் கார்டு என்பது திரையில் தெரியும் படத்தைக் கணக்கிட்டு வரையும் பலகை. அதன் நடுவில் நகத்தின் அளவுள்ள ஒரு சில்லு இருக்கிறது. அதற்குள் போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். 30 வாட் உள்ளே போனால் 30 வாட் வெப்பம் வெளியே வரும். 30 வாட் என்பது ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயத்தை உருக்கும் சூட்டுக்கோலின் சக்தி. அந்தச் சூட்டுக்கோலை ஒரு மூடிய பெட்டிக்குள் நாள் முழுவதும் வைத்திருப்பதாக எண்ணிப் பாருங்கள்.

1996இல் அமெரிக்காவின் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வெளியிட்ட வூடூ சில்லைத் தாங்கிய கார்டுகளில் பெரும்பாலானவை வெறும் சில்லோடு வந்தன. குளிர்விக்க எதுவும் தேவைப்படவில்லை. 1998இல் வந்த என்விடியாவின் ரிவா டிஎன்டி சில்லுக்கு அலுமினியத் தகடு வேண்டியிருந்தது. சீப்பின் பல்லைப் போல் மெல்லிய தகடுகள் நிமிர்ந்து நிற்கும் அது, சில்லின் சூட்டை வாங்கி அகலமாகப் பரப்பிக் காற்றிடம் கொடுக்கும். 1999இல் அதே நிறுவனத்தின் ஜீஃபோர்ஸ் 256 வந்தபோது தகட்டின்மேல் சிறு விசிறியும் ஏறி உட்கார்ந்தது. கிரியேட்டிவ் அந்தச் சில்லைக் கொண்டு அனைஹிலேட்டர் என்ற கார்டை வெளியிட்டது. அந்தச் சில்லில் சுமார் 2 கோடியே 30 லட்சம் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 2022இல் வந்த என்விடியாவின் பெரிய கார்டின் சில்லில் சுமார் 7,600 கோடி. அந்தக் கார்டு வாங்கும் மின்சாரம் 450 வாட். வேலை பெருகப் பெருக வெப்பமும் பெருகிய கதை இது.

விசிறி வந்ததும் விசிறியின் தொல்லையும் வந்தது. கட்டை விரல் நீள விசிறி நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றும். தூசி சேரும், எண்ணெய் வற்றும், அச்சு தேயும், கடைசியில் அலறி நின்றுவிடும். 2003ஆம் ஆண்டில் வந்த ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா கார்டு போட்ட சத்தம் உலகப் பிரசித்தம். தூசி உறிஞ்சும் யந்திரத்தோடு ஒப்பிட்டு மக்கள் சிரித்தார்கள். தயாரித்த நிறுவனமே தன்னைக் கேலி செய்துகொண்டு ஒரு சிறு படம் எடுத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே 2003இல் மாற்று வழியும் கடைக்கு வந்தது. சபையர் நிறுவனம் ராடியான் 9700 ப்ரோ கார்டு ஒன்றை விசிறியே இல்லாமல் வெளியிட்டது. அதன் இருபுறமும் பெரிய தகடுகள். இரண்டையும் இணைத்தது ஒரு வெப்பக் குழாய். இந்தக் குழாயின் வேலை எளிது. காற்று நீக்கி மூடிய செப்புக் குழாய்க்குள் சிறிதளவு நீர்மம் இருக்கும். சூடான முனையில் அது ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி நீராகும். குழாயின் உட்சுவரில் உள்ள திரி போன்ற பகுதி அந்த நீரை உறிஞ்சித் திரும்பக் கொண்டுவரும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத்தான். 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்பவர் உருவாக்கிக் காட்டிய இந்தக் குழாய், விண்கலங்களுக்குப் பயன்பட்டுப் பின்னர் வீட்டுக் கணிப்பொறிக்கு இறங்கி வந்தது. தைவானின் ஜிகாபைட், ஏசுஸ் போன்ற நிறுவனங்களும் சத்தமில்லாத கார்டுகளை அடுத்தடுத்து விற்றன. சிறிய சில்லுகளுக்கோ வெறும் தகடே போதுமாயிற்று. 19 வாட் வாங்கும் ஜிடி 710, 30 வாட் வாங்கும் ஜிடி 1030 போன்ற கார்டுகள் விசிறியின்றியே ஏராளமான வீடுகளுக்குப் போயின.

இங்கேதான் நம் வழக்கின் முடிச்சு அவிழ்கிறது. கார்டில் விசிறி இல்லை என்பதற்குக் காற்றே வேண்டாம் என்று பொருள் இல்லை. கார்டு காற்றைக் கடன் வாங்குகிறது. பெட்டியின் பின்புற விசிறியும், பவர் சப்ளை பெட்டிக்குள் இருக்கும் விசிறியும் உள்ளிருக்கும் சூடான காற்றை வெளியே இழுக்கின்றன. அந்த இழுப்பில் முன்புறமிருந்து புதுக்காற்று நுழைந்து, போகிற போக்கில் கார்டின் தகடுகளையும் தடவிச் செல்கிறது. அந்தப் பின்புற விசிறிதான் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கயிறு இழுத்தவர். கார்டு, அறைக்குள் விருந்துண்டவர். நம் தகப்பனார் கழற்றியது பங்காக்காரரின் கையிலிருந்த கயிற்றை.

காலையில் ஓடியது ஏன், பிற்பகலில் நின்றது ஏன் என்பதும் இப்போது விளங்கும். தகடு எத்தனை பெரிதானாலும், தன்னைச் சூழ்ந்த காற்றைவிடக் குளிர்ச்சியாக ஒருபோதும் ஆக முடியாது. சில்லின் சூடு என்பது அறையின் சூட்டோடு இன்னும் இத்தனை டிகிரி என்றுதான் கணக்கு. குளிரூட்டிய அறையில் 22 டிகிரியில் நன்றாக ஓடும் கார்டு, தகரக் கூரையின் கீழ் 34 டிகிரியில் வைக்கப்பட்டால், சில்லின் சூடும் ஏறத்தாழ 12 டிகிரி கூடிவிடும். சிங்கப்பூரிலேயே 2023 மே 13ஆம் நாள் அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவாயிற்று. சத்தமில்லாத கார்டு நம் வெயிலில் படும் பாடு இதுதான்.

வேறு சில காரணங்களும் உண்டு. நிமிர்ந்து நிற்கும் பெட்டிகளில் பொதுவாகச் சில்லும் தகடும் கார்டின் அடிப்பக்கம் பார்த்துக் குப்புறத் தொங்குகின்றன. சூடான காற்று மேலே போக முயன்றால் கார்டின் பலகையே தலைக்குமேல் கூரையாக மறிக்கிறது. முற்றமில்லாத கடைவீடு போலாகிறது. அடுத்து, தகடுகளுக்கிடையே பஞ்சு போலப் படியும் தூசி. அதற்கடுத்து, சில்லுக்கும் தகட்டுக்கும் இடையே பூசிய வெப்பப் பசை ஆண்டுகள் கழியக் காய்ந்து வெடிப்பது.

சூடு மெல்ல மெல்ல என்ன கேடு செய்கிறது? கார்டின் மேல் சிறு டப்பாக்கள் போல நிற்கும் கெபாசிட்டர்களில் திரவம் இருக்கிறது. 10 டிகிரி சூடு கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தரம் குறைந்த கெபாசிட்டர்கள் உலகெங்கும் பரவி, உப்பி வெடித்து, ஏராளமான பலகைகளைக் கெடுத்தன. மற்றொரு கேடு, தினமும் சூடேறி ஆறுவதால் வருவது. சூட்டில் பொருள்கள் விரியும், ஆறினால் சுருங்கும். சில்லைப் பலகையோடு பிணைக்கும் நுண்ணிய ஈயப் புள்ளிகள் இந்த இழுபறியில் நாளடைவில் வெடிக்கின்றன. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணிப்பொறிகளில் போன தன் சில்லுகள் இவ்விதம் பழுதானதை ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர் வரை அதற்காக ஒதுக்குவதாக அறிவித்தது. உலகின் பெரிய நிறுவனத்துக்கே இந்தப் பாடம் இத்தனை விலைக்குத்தான் கிடைத்தது.

நமக்கு அத்தனை செலவு வேண்டியதில்லை. பழைய கார்டைக் காக்கச் சில எளிய காரியங்கள் போதும்.

முதலாவது, பெட்டியின் விசிறி சத்தமிட்டால் கழற்றிப் போடாதீர்கள், மாற்றுங்கள். 12 சென்டிமீட்டர் அகல விசிறியைப் பெட்டி ஏற்குமானால், அது மெதுவாகச் சுற்றியே போதிய காற்றைத் தரும், ஓசையும் குறைவு. புதுக் கார்டின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை மிகச் சிறிது.

இரண்டாவது, பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பின்புறம் ஒரு சாண் இடமாவது இருக்கட்டும். மூடிய அலமாரியும், வெயில் தாக்கும் சுவரும், அடுப்பின் பக்கமும் வேண்டாம். மேலே துணி போர்த்துவது யந்திரம் நின்று ஆறிய பிறகுதான்.

மூன்றாவது, சில மாதங்களுக்கொரு முறை தூசி தட்டுங்கள். மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தகடுகளைத் துடைக்கலாம். ஈரத்துணி ஆகாது. பவர் சப்ளை பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம்; கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

நான்காவது, பக்கக் கதவைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பி வைப்பது ஆபத்து வேளைக்கு உதவும். ஆனால் எறும்பும் பல்லியும் உள்ளே குடியேறும். குழந்தையின் கையும் போகும். அதை நிரந்தர ஏற்பாடாக்க வேண்டாம்.

ஐந்தாவது, சூட்டை அளந்து காட்டும் இலவச மென்பொருள்கள் உள்ளன. மூத்த பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். பிற்பகலில் 90 டிகிரியை நெருங்குகிறதென்றால், விளையாட்டை நிறுத்திப் பாடத்துக்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது. வேலை குறைந்தால் வெப்பமும் குறையும். பசை காய்ந்திருந்தால் அனுபவமுள்ளவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். செத்த கார்டை அடுப்பில் சுட்டால் பிழைக்கும் என்று சிலர் சொல்வார்கள். பிழைத்தாலும் சில நாள்தான். சமைக்கும் அடுப்பில் நச்சுப் புகை ஏறுவதுதான் மிச்சம்.

முடிக்குமுன் சிங்கப்பூருக்கு மறுபடியும் ஒருமுறை போய்வருவோம். இன்று அங்கே பெரிய பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை அடுக்கி, உலகத்துக்கு வேண்டிய தகவல்களைச் சேர்த்து வைக்கிறார்கள். தரவு நிலையங்கள் என்று அவற்றுக்குப் பெயர். 2020ஆம் ஆண்டில் நாட்டின் மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காட்டை அவையே எடுத்துக்கொண்டன. அதனால் அரசு 2019 முதல் புதியவற்றுக்கு அனுமதியை நிறுத்தி வைத்து, 2022இல் கட்டுப்பாடுகளோடு மீண்டும் திறந்தது. அந்த அறைகளை அளவுக்கு மீறிக் குளிர்விக்காமல் 26 டிகிரியிலோ அதற்கு மேலோ நடத்துவதற்கான வழிமுறையை 2023இல் வெளியிட்டது. ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் குளிர்விக்கும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சமாகும் என்பது கணக்கு.

உலகெங்கும் இத்தகைய நிலையங்களுக்கென்று செய்யப்படும் கிராபிக்ஸ் கார்டுகள் பலவற்றில் இன்றும் விசிறி கிடையாது. 2014இல் வந்த டெஸ்லா கே80 என்ற கார்டு 300 வாட் வாங்கும். ஆனால் அதில் இருப்பது வெறும் தகடுதான். அது பழசாகி மலிவாக விற்பனைக்கு வந்தபோது, விசிறி இல்லாத அமைதியான கார்டு என்று நினைத்து வீட்டுப் பெட்டியில் பொருத்தியவர்கள் சில நிமிடங்களிலேயே அது கொதிப்பதைக் கண்டார்கள். அது பிறந்த இடத்தில், அடுக்கின் முன்னால் வரிசையாக விசிறிகள் புயல்போல் வீசிக்கொண்டிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நம் லயத்து வீட்டில் நடந்ததும், அந்தப் பெரிய கார்டுக்கு நடந்ததும் ஒன்றே.

ஓசையின்றி ஒரு காரியம் நடந்தால், அதற்குப் பின்னால் யாரோ உழைக்கிறார்கள் என்று முதலில் சந்தேகப்பட வேண்டியவர்கள் நாம்தான். விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும் நம் தாய்மார்களின் உழைப்பும், உலகத்துச் சக்கரங்களில் ரப்பராக ஓடும்போது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை அல்லவா? அந்தக் கணிப்பொறி வீட்டுத் தகப்பனாருக்கு யாராவது பங்காக் கதையைச் சொல்லியிருந்தால், விசிறியைக் கழற்றுமுன் ஒரு கணம் யோசித்திருப்பார்.

இன்று மாலை வீட்டில் கணிப்பொறி ஓடும்போது, அதன் பின்புறம் கையை நீட்டிப் பாருங்கள். வெதுவெதுப்பான காற்று கையில் பட்டால் விசிறி தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். படவில்லையென்றால், யந்திரத்தை நிறுத்திவிட்டு அந்த விசிறியைக் கவனியுங்கள். பிள்ளைகளின் பாடம் அதை நம்பித்தான் இருக்கிறது.